‘தவறி விழுந்து’ என்று முடிந்துபோகும் செய்திகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை பிறந்தால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ‘வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் தவறி விழுந்து பலி.’ மொத்தம் ஆறேழு வரி. ஊர், தந்தை பெயர், அவர் பார்க்கும் வேலை, எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு என்பதெல்லாம் இருக்கும். எந்தப் பாத்திரம், எவ்வளவு உயரம், அதில் எவ்வளவு தண்ணீர், மூடி இருந்ததா என்பது இருக்காது. படிக்கிறவர் ‘ஐயோ’ என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார். அதே வாளி, அதே அளவு தண்ணீரோடு தன் வீட்டுக் குளியலறையிலும் இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு வர அந்தச் செய்தி வழி விடுவதில்லை. இக்கடிதம் அதைப் பற்றியது.

‘தவறி’ என்ற சொல்லே பொருத்தமில்லை. ஒரு வயதுக் குழந்தை தவறுவதில்லை, எட்டிப் பார்க்கிறது. மீதியை அதன் உடல்வாகு செய்துவிடுகிறது. பிறந்த குழந்தையின் உயரத்தில் தலை மட்டுமே நாலில் ஒரு பங்கு. இரண்டு வயதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதனால் உடலின் பாரம் மேல்பாதியில் நிற்கிறது. ஒரு வயதுக் குழந்தை சுமார் 75 செ.மீ. உயரம் இருக்கும். 20 லிட்டர் வாளியின் விளிம்பு 30 முதல் 35 செ.மீ. அதாவது, விளிம்பு அதன் இடுப்புக்கும் கீழே. உள்ளே மிதக்கும் குவளையை எடுக்கக் குழந்தை குனிகிறது. விளிம்புக்கு அந்தப் பக்கம் போன பாரம் இந்தப் பக்கம் இருப்பதைவிடக் கூடிவிடுகிறது, கால் தரையை விட்டு எழும்புகிறது, தலைகீழாக உள்ளே போகிறது. கையை ஊன்றி எழ வலு கிடையாது. உடலைத் திருப்ப வாளிக்குள் இடமும் கிடையாது.

காலி வாளியாக இருந்தால் குழந்தையோடு சேர்ந்து சாய்ந்துவிடும், பிழைத்துக்கொள்ளும். 10 லிட்டர் தண்ணீர் இருந்தால் வாளியின் பாரம் 10 கிலோ, கிட்டத்தட்ட அந்தக் குழந்தையின் எடை. அது சாயாது. ‘பாதி வாளிதானே’ என்று நினைக்கிறோம். அந்தப் பாதிதான் வாளியைத் தரையோடு பிடித்து வைக்கிறது. மூக்கும் வாயும் மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீர் போதும்.

சத்தமும் வராது. தண்ணீர் தொண்டையைத் தொட்டதும் குரல்வளை இறுகிக்கொள்கிறது, கத்த மூச்சு இல்லை. இரண்டு நிமிடத்துக்குள் நினைவு தப்பும். நாலைந்து நிமிடம் கடந்தால் மூளை சேதமாகத் தொடங்கும். அடுத்த அறையில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. ‘குழந்தை சத்தமே இல்லாமல் சமர்த்தாக விளையாடுகிறது’ என்று தோன்றும் நேரம் எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய நேரம்.

அரசின் கணக்கும் இந்தப் பாத்திரங்களைப் பெயர் சொல்வதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வோர் ஆண்டும் நாட்டில் 30,000க்கு மேற்பட்ட நீரில் மூழ்கிய இறப்புகளைப் பதிகிறது. அதில் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே பிரிவு. ஆற்றில் குளிக்கப் போன 13 வயதுப் பையனும் வாளியில் விழுந்த 11 மாதக் குழந்தையும் அங்கே ஒன்றாகிவிடுகிறார்கள். ஆனால் இருவரையும் காப்பாற்றும் வழிகள் முற்றிலும் வேறு. பையனுக்கு நீச்சல் தெரிய வேண்டும். குழந்தைக்கு ஒரு மூடி வேண்டும். உலக அளவில் நீரில் மூழ்கி இறப்போரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

‘வாளியைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள்’ என்று துண்டறிக்கைகள் சொல்கின்றன. தினமும் குழாயில் தண்ணீர் வரும் வீட்டுக்கு அது சரி, செய்யத்தான் வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள், சில ஊர்களில் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வரும் தெருவில் அதைச் சொல்வதில் நியாயம் இல்லை. அங்கே தண்ணீரைப் பிடித்து வைத்தே ஆக வேண்டும். எனவே எதில் பிடிப்பது, எப்படி மூடுவது என்று சொல்வதுதான் உதவும்.

குடிக்கவும் சமைக்கவும் குடம் இருக்கட்டும். அதன் வாய் குறுகல், வாளி அளவுக்கு ஆபத்து இல்லை. புழங்கும் தண்ணீருக்கு 200 லிட்டர் டிரம் வைக்கும் வீடுகளில் அதன் உயரம், 90 செ.மீ. அளவில், ஓரளவு காப்பு. ஆனால் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோ, செங்கல் அடுக்கோ, கவிழ்த்த வாளியோ இருந்தால் அந்தக் காப்பு போயிற்று. இரண்டரை, மூன்று வயதில் குழந்தைகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறக் கற்றுக்கொள்கிறார்கள். டிரம் வாங்கும்போது இரும்பு வளையம் போட்டு இறுக்கும் மூடியோ திருகு மூடியோ உள்ளதாக வாங்கி, அடியில் ஒரு குழாய் பொருத்திவிட்டால், தண்ணீர் நிரப்பும்போது தவிர மூடியைத் திறக்கும் வேலையே இருக்காது.

எல்லாவற்றிலும் மோசமானது பாதியாக அறுத்த டிரம். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, துணி ஊறவைக்க, கட்டட வேலையில் செங்கல் நனைக்க என்று எங்கும் இருக்கிறது. உயரம் சுமார் 45 செ.மீ., வாய் அகலம் அரை மீட்டருக்கு மேல், மூடி என்று ஒன்று அதற்குக் கிடையாது. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு நெஞ்சளவில் ஒரு சிறு குளம் அது. குழந்தை இருக்கும் வீட்டில் இதை வைத்துக்கொள்ளக் கூடாது. மாட்டுக்கு வேண்டுமென்றால் தொழுவத்தைச் சுற்றிப் படல் கட்டிக் குழந்தை போக முடியாதபடி செய்ய வேண்டும்.

மூடுவதில் ஒரு பெரிய பிசகு நடக்கிறது. டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பதால் தொட்டிக்கும் டிரம்முக்கும் துணியால் வேடு கட்டி வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. கொசுவுக்கு அது போதும், குழந்தைக்குப் போதாது. திறந்த தொட்டியில் தண்ணீர் தெரியும். வேடு கட்டிய தொட்டி சிறு குழந்தையின் கண்ணுக்கு ஒரு திண்டு போல, உட்காரும் இடம் போலத் தெரியும். கையை ஊன்றியதும் துணி உள்ளே அமிழும். அட்டை, பழைய பேனர், தெர்மாகோல் பலகை எல்லாம் இதே கதைதான். ஒரு மூடியை நம்பலாமா என்று பார்க்க எளிய வழி, 20 கிலோ அரிசி மூட்டையை அதன் நடுவில் வைத்துப் பார்ப்பது. மூடி வளையவோ நகரவோ கூடாது. வாரந்தோறும் கொசுப்புழு பார்க்க வரும் அதே பணியாளர்களிடம் இந்த மூடிச் சோதனையையும் ஒப்படைத்தால் சுகாதாரத் துறைக்குப் புதிய ஆள் தேவைப்படாது. எந்த வீட்டில் எந்தத் தொட்டி திறந்திருக்கிறது என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

நகரத்து வீடுகளில் சம்ப் என்று சொல்லும் தரைத்தொட்டிதான் கவலை. அதன் வாய் பெரும்பாலும் இரண்டடிச் சதுரம், கார் நிறுத்தும் இடத்திலோ வாசலிலோ தரைமட்டத்தில் இருக்கும். மெல்லிய இரும்புத் தகடு மூடி அடிப்பக்கம் துருப்பிடிக்கும். மேலே பெயின்ட் அடித்திருப்பதால் வெளியே தெரியாது. கடப்பாக்கல் மூடி திடீரென்று விரியும். காங்கிரீட் மூடி உறுதியானது, ஆனால் தூக்கக் கனம். அதனால்தான் லாரித் தண்ணீர் இறக்கிய பிறகோ தொட்டி கழுவிய பிறகோ ‘அப்புறம் மூடலாம்’ என்று பாதி நகர்த்தியபடி விட்டுவிடுகிறார்கள். பைபர் மூடி இலேசு, மூன்று வயதுக் குழந்தையே தள்ளிவிடும்.

இதற்குத் தீர்வு இரட்டைத் தடுப்பு. மேலே கீல் வைத்த மூடி, அதற்கு ஒரு பூட்டு. அதற்கு அரையடி கீழே 10 அல்லது 12 மி.மீ. கம்பிகளை 10 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில் பற்றவைத்த ஒரு கிராதி, அதற்கும் தனிப் பூட்டு. லாரிக் குழாயின் முனையைக் கம்பிகளுக்கு நடுவே வைத்தே தண்ணீர் விடலாம், கிராதியைத் திறக்க வேண்டியதில்லை. தொட்டிக்குள் ஆள் இறங்கிக் கழுவும் அன்று மட்டும் அது திறக்கும். பற்றவைக்கும் பட்டறையில் அரை நாள் வேலை. புதிதாக வீடு கட்டுவோர் பொறியாளரிடம் சொல்லி முதலிலேயே செய்துகொள்ளலாம். உள்ளாட்சிகள் கட்டட நிறைவுச் சான்று தரும் முன் இதைப் பார்க்க வேண்டும் என்று விதி வந்தால் நல்லது. கழிவுத் தொட்டியின் மூடிக்கும் இதே கவனம் வேண்டும். அதில் யாராவது விழுந்துவிட்டால் பதறிக் குதிக்கக் கூடாது. உள்ளே தேங்கும் வாயு குதித்தவரையும் சாய்த்துவிடும். தீயணைப்புத் துறையை 101இல் அழைக்க வேண்டும்.

கிராமத்து வீட்டுக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கும். அதன் உயரத்தை நாம் தப்பாக அளக்கிறோம். சுவரை ஒட்டித் துவைகல் இருந்தால் அந்தக் கல்லின் மேலிருந்து அளக்க வேண்டும். நான்கடிச் சுவரும் ஒன்றரை அடிக் கல்லும் சேர்ந்தால் குழந்தைக்கு அது இரண்டரை அடிச் சுவர். கல்லைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போட்டு, கிணற்று வாய்க்குக் கம்பி வலை போட்டு, நீர் இறைக்க ஒரு சிறு கதவு மட்டும் விடலாம். குட்டைக்கோ பம்புசெட் தொட்டிக்கோ வேலி அடைப்பதானால் நான்கடி உயரம் வேண்டும். குறுக்குக் கம்பி போட்டால் அது ஏணியாகிவிடும், நெடுக்குக் கம்பிதான் போட வேண்டும், இடைவெளி 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கதவு தானே சாத்திக்கொள்ள வேண்டும், கொண்டி ஐந்தடி உயரத்தில் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் திரும்பினால் குளியலறைக் கதவு. அது ஏன் எப்போதும் திறந்தே கிடக்கிறது என்று பார்த்தால் காரணம் மறதி மட்டும் அல்ல. மரக்கதவு ஈரத்தில் உப்பி நிலையில் சிக்குகிறது. பி.வி.சி. கதவு கீல் தளர்ந்து தரையில் உரசுகிறது. சாத்துவதற்கே சண்டை போட வேண்டியிருப்பதால் விட்டுவிடுகிறார்கள். கீலை மாற்றி, அடியில் இழைத்து, வெளிப்பக்கம் ஐந்தடி உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைக்க வேண்டும். உள்பக்கத் தாழ்ப்பாள் தாழ்வாக இருந்தால் கழற்றி உயரத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும்.

அதே வாளியில் இன்னொரு ஆபத்து வெந்நீர். குளிக்க விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். பலர் மாற்றிச் செய்கிறார்கள். வெந்நீரை ஊற்றிவிட்டுக் குழாயைத் திருப்பப் போகும் இடைவெளியில் குழந்தை கையை விடுகிறது. 60 டிகிரித் தண்ணீர் குழந்தையின் தோலை ஓரிரு நொடியில் வெந்துபோகச் செய்யும். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மை, மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. தண்ணீர் சூடாக்கும் ராடு போட்ட வாளியைக் குழந்தை புழங்கும் இடத்தில் வைக்கவே கூடாது, மின்சாரமும் அதில் சேர்ந்துகொள்கிறது.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது தொலைபேசி அடித்தால் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது அடிக்கட்டும். பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் நம் பாட்டிமார் முறை பாதுகாப்பானது. தண்ணீர் தேங்குவதே இல்லை, கை எப்போதும் குழந்தை மேலேயே இருக்கிறது. கடையில் விற்கும் குளியல் இருக்கைகள் குழந்தை நிமிர்ந்து உட்கார உதவுமே தவிர மூழ்காமல் காக்க மாட்டா. காற்றடைத்த கைப்பட்டைகளும் அப்படியே. வலிப்பு நோய் உள்ள குழந்தைக்குத் தொட்டிக் குளியலே வேண்டாம், சொம்பால் மொண்டு ஊற்றினால் போதும்.

மூடியும் கதவும் சொன்னபின் கண்காணிப்பு. ‘குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். முற்பகலில், அடுப்பும் துணியும் வீட்டு வேலையும் ஒன்றாக வரும் நேரத்தில், ஒரு தாயால் அது முடியாது. ஏழு வயது அக்காவிடம் ‘தம்பியைப் பார்த்துக்கோ’ என்று விடுவதும் காவல் ஆகாது. அவளும் குழந்தைதான். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருப்பதுதான் காவல். கல்யாண வீட்டில் இருபது பேர் இருப்பார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைப்பார்கள். பந்திக்குப் பின்னால் அண்டா நிறையத் தண்ணீர் இருக்கும். அதனால் கை மாற்றும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘அத்தை, நான் குளிக்கப் போறேன், இனி குட்டி உங்க பொறுப்பு’ என்று சொல்லி, அவர் ‘சரி’ என்ற பிறகுதான் நகர வேண்டும்.

வங்கதேசத்தில் இந்த முற்பகல் நேரத்தையே குறிவைத்து ஒரு திட்டம் நடக்கிறது. குளங்கள் நிறைந்த கிராமங்களில், காலை 9 முதல் பகல் 1 மணி வரை, நான்கு வயது வரையுள்ள குழந்தைகளைப் பயிற்சி பெற்ற பெண்கள் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் ‘ஆஞ்சல்’, நம் மொழியில் முந்தானை. அங்கு வந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் இறப்பு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. நம் அங்கன்வாடிகள் முன்பருவக் கல்விக்கு இரண்டு வயதிலிருந்துதான் சேர்க்கின்றன. அதிக ஆபத்துள்ள ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு இடம் இல்லை. தமிழகத்தில் இவ்வளவு அங்கன்வாடிகளும் பணியாளர்களும் ஏற்கெனவே இருக்கும்போது, அந்த ஓராண்டுக்கு ஓர் ஏற்பாடு செய்வது எட்டாத காரியம் அல்ல.

வெளியே காலத்துக்கேற்ப இடம் மாறும். காவிரிப் படுகையில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வாய்க்கால் குழந்தைகளின் விளையாட்டுத் திடலாக இருக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டி அதே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். நேற்று வரை ஓடிய பழக்கத்தில் குழந்தை இன்றும் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் அஸ்திவாரக் குழிகளும் கழிவுத் தொட்டிக்குத் தோண்டிய குழிகளும் மழைநீரால் நிறையும். வேலை நின்றுபோன மனையில் அதைக் கேட்பாரும் இல்லை. தோண்டியவர் அன்றே தகரம் அடித்து அடைக்க வேண்டும்.

இனி, எடுத்த பிறகு என்ன செய்வது. இங்கேதான் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்களை இழக்கிறோம். குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கெடுதல். வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர். அதோடு சாப்பிட்டதும் வந்து நுரையீரலுக்குள் இறங்கும். அதற்குள் நிமிடங்கள் போய்விடும். குழந்தைக்கு வேண்டியது மூச்சு.

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு 108ஐ அழைத்துக்கொண்டே தொடங்குங்கள். தாடையை இலேசாக உயர்த்தி, குழந்தை ஒரு வயதுக்குள் என்றால் உங்கள் வாயால் அதன் வாய், மூக்கு இரண்டையும் மூடி, பெரிய குழந்தை என்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து, ஒவ்வொரு ஊதலும் ஒரு நொடி நீடிக்கும்படி ஐந்து முறை ஊதுங்கள். மார்பு எழும்புவது தெரிய வேண்டும், அதற்கு மேல் வேகம் வேண்டாம். பிறகு நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 30 முறை அழுத்துங்கள். கைக்குழந்தைக்கு இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால், சுமார் 4 செ.மீ. ஆழம். ஒரு வயதுக்கு மேல் ஒரு கையின் அடிப்பாகத்தால், சுமார் 5 செ.மீ. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். பின் 2 மூச்சு, மீண்டும் 30 அழுத்தம். குழந்தை மூச்சு விடும் வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. நுரை தள்ளினால் துடைத்துக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம், ஊதுவதைத் தொடருங்கள். எடுத்ததும் இருமி அழுத குழந்தையையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் விளைவு சில மணி நேரம் கழித்துத் தெரியலாம், ஆறு முதல் எட்டு மணி நேரம் பார்வையில் வைத்திருப்பது வழக்கம்.

இவ்வளவையும் ஒரு செய்தியில் எழுத முடியாது என்பது தெரியும். ஆனால் ஒரு பொருளைப் பெயர் சொல்லி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, குழியின் விட்டம், ஆழம், அது எப்படி மூடாமல் கிடந்தது என்று எல்லா ஏடுகளும் எழுதின. கிணற்று வாயை இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தோ திருகாணி போட்டோ மூட வேண்டும், கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லியிருந்தது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. மாநிலம் முழுவதும் திறந்த குழிகளைத் தேடி மூடினார்கள். வாளிக்கும் அறுத்த டிரம்முக்கும் சம்ப் மூடிக்கும் அந்தக் கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

எனவே எங்கள் வேண்டுகோள் சிறியது. உங்கள் செய்தியாளர்கள் இத்தகைய செய்தியை எடுக்கும்போது ஐந்து கேள்விகள் கேட்கட்டும்: எந்தப் பாத்திரம் அல்லது தொட்டி, விளிம்பு எவ்வளவு உயரம், தண்ணீர் எவ்வளவு ஆழம், மூடி எப்படிப்பட்டது, வெளியே எடுத்ததும் என்ன முதலுதவி செய்தார்கள். விடை இரண்டு வரிக்கு மேல் போகாது. ‘பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம், உயரம் 45 செ.மீ., தண்ணீர் 20 செ.மீ., மூடி இல்லை, மூச்சு கொடுக்கப்படவில்லை.’ ‘தாய் சமைத்துக்கொண்டிருந்தபோது’ என்ற வரியை எடுத்துவிடலாம், சமைப்பது குற்றம் அல்ல. தந்தை பெயரும், தெருப் பெயரும், அழும் தாயின் படமும் பிடிக்கும் இடத்தில் அந்த இரண்டு வரி வரட்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பணியில் உள்ள வாசகர்கள்,
தஞ்சாவூர் மாவட்டம்.